வீட்டு மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதிய பிறகு

டெக்சாசில் குழந்தையை முதன்முறையாக அரசுப் பள்ளியில் சேர்க்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு படிவம், அதில் நான் பெருமையாக எழுதிய ஒரு சொல், அதற்குப் பிறகு அரைகுறையாகப் புரிந்துகொண்டு நான் செய்த காரியங்கள் எல்லாம் சேர்ந்து 1,830 டாலர் போனது, ஒரு வருடத்துக்கு மேல் தூக்கமும் போனது. பணத்தைக்கூட மறந்துவிடலாம். அந்த ஒரு வருடத்தில் என் மகள் வாயிலிருந்து தமிழே போகப் பார்த்தது, அதைத்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

2022 ஆகஸ்ட் முதல் வாரம். சான் அன்டோனியோவில் இறங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. வெளியே நூறு டிகிரி வெயில், திருநெல்வேலிக்காரி எனக்கே தாங்கவில்லை. கணவர் திங்கள் விடிகாலையில் கிளம்பினால் வெள்ளி இரவுதான் வருவார், அவருடைய வேலை வேறு ஊரில். ஆறு வயது மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நான் மட்டும் போனேன். சேர்க்கைப் படிவங்களில் ஒன்று ஹோம் லாங்வேஜ் சர்வே. ஒரு பக்கம் ஆங்கிலம், திருப்பினால் ஸ்பானிஷ். வீட்டில் எந்த மொழி பேசுகிறீர்கள், குழந்தை எந்த மொழி பேசுகிறது என்று கேட்டிருந்தார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டுக்கும் தமிழ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேசையில் இருந்த அம்மா அதைக் கணினியில் ஏற்றினார். "எந்த நாட்டு மொழி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார், நானும் சந்தோஷமாகச் சொன்னேன். அந்தப் படிவம் எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அது என்ன படிவம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் தவிர வேறு மொழி எழுதினால் குழந்தைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதில் தேறாவிட்டால் எமர்ஜென்ட் பைலிங்குவல், அதாவது ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தை, என்ற வகையில் சேரும். முடிவு செய்வது எல்பேக் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு பள்ளிக் குழு. சேர்ந்த நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள் இதெல்லாம் முடிந்துவிட வேண்டும். படிவத்தில் தவறு செய்துவிட்டோம் என்று தோன்றினால் திருத்தலாம், ஆனால் சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் கேட்க வேண்டும், அதுவும் குழந்தைக்குத் தேர்வு வைப்பதற்கு முன்னால். இந்த இரண்டு வாரக் கணக்கை எங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் சென்னையில் எல்.கே.ஜி., யூ.கே.ஜி. முடித்தவள். ஆங்கிலம் படிப்பாள், புரிந்துகொள்வாள். ஆனால் அன்று தேர்வு என்று எனக்கே தெரியாது. ஊர் மாறி நேரம் மாறி, இரவு இரண்டு மணிக்கு எழுந்து பசிக்கிறது என்று உட்கார்ந்துகொண்டிருந்த வாரம் அது. முன்பின் தெரியாத ஒருவர் ஒரு அறைக்குக் கூட்டிப் போய், படத்தைக் காட்டி இதில் என்ன நடக்கிறது சொல் என்றிருக்கிறார். இவள் வாயே திறக்கவில்லை. ஒன்றாம் வகுப்புக்குக் கேட்பதும் பேசுவதும்தான் தேர்வு, பேசாத குழந்தைக்கு மதிப்பெண் எங்கிருந்து வரும்? அன்று மாலை "ஒரு ஆன்ட்டி டாக் படம் காமிச்சாங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன், சரி என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முழுக்க ஸ்பானிஷ். ஒரு வரிகூட ஆங்கிலம் இல்லை. பக்கத்து வீட்டுக்கு வர வேண்டியது நமக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன், ஆனால் உறையில் என் பெயர்தான் இருந்தது. சரி, எல்லாருக்கும் அனுப்பும் பொது அறிவிப்பாக இருக்கும் என்று கடைக் கூப்பன்கள் போடும் டிராயரில் போட்டேன். பத்து நாளில் இன்னொன்று, அதுவும் ஸ்பானிஷ். பிறகு ஒரு நாள் தொலைபேசியில் பதிவு செய்த குரல் ஒன்று வேகவேகமாக ஸ்பானிஷில் ஏதோ சொல்லிவிட்டு நின்றது. அக்டோபரில் ஆசிரியரைச் சந்திக்கப் போனபோதுதான், "உங்கள் பதிலுக்காக ஒரு மாதமாகக் காத்திருக்கிறோம்" என்றார் அவர். எதற்குப் பதில் என்று கேட்டபோது எனக்குக் கை நடுங்கியது.

நடந்தது இதுதான். மகள் தேர்வில் தேறவில்லை, அவளுக்கு ஆங்கிலத்துக்குச் சிறப்பு உதவி தரச் சம்மதமா என்று கேட்டவை அந்தக் கடிதங்கள். வீட்டு மொழி ஆங்கிலம் இல்லை என்று பதிவானதும், வீட்டுக்குப் போகும் தகவல் எந்த மொழியில் என்ற கட்டத்தை அந்த அலுவலகத்தில் யாரோ ஸ்பானிஷ் என்று நிரப்பியிருக்கிறார்கள். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. அந்த ஊரில் ஆங்கிலம் இல்லையென்றால் ஸ்பானிஷ் என்று கை தானாகப் போய்விடுகிறது, அவ்வளவுதான். பெற்றோருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்பது பள்ளிகளின் கடமை. ஆனால் அந்தப் புரியும் மொழி எது என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஆகவே சேர்க்கை முடிந்த அன்றே, உங்கள் கணக்கில் தொடர்பு மொழி என்ன என்று போட்டிருக்கிறது என்பதைத் திரையில் காட்டச் சொல்லிப் பாருங்கள். வீட்டு மொழி வேறு, தொடர்பு மொழி வேறு. முதலாவது தமிழாகவே இருக்கட்டும், இரண்டாவது ஆங்கிலம் என்று இருக்கிறதா பாருங்கள். புரியாத மொழியில் பள்ளியிலிருந்து எது வந்தாலும் அன்றே தொலைபேசி கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பாருங்கள், மறுநாள் நேரில் போய்க் கேளுங்கள். டிராயரில் மட்டும் போடாதீர்கள்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் பயத்தில் செய்தது. தமிழர் வாட்ஸப் குழுவில் கேட்டேன். இங்கிலீஷ் என்று எழுதியிருக்க வேண்டும், யாராவது தமிழ் என்று எழுதுவார்களா, இனி பன்னிரண்டாம் வகுப்பு வரை இந்த முத்திரை போகாது, பெண்ணை ஸ்பானிஷ் வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ராத்திரி ஒரு மணிக்கு அதையெல்லாம் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து அழுதேன். மறுநாள் போய்ப் படிவத்தை மாற்றித் தரச் சொன்னேன், முடியாது, காலம் கடந்துவிட்டது என்றார்கள். பிறகு 150 டாலர் கொடுத்து ஒரு படிப்பு ஆலோசகரிடம் பேசினேன். உதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார் அவர். எழுதிக் கொடுத்தேன். தனியார் டியூஷன் சென்டரில் மாதம் 210 டாலருக்கு ஆங்கில வகுப்பில் சேர்த்தேன், நவம்பர் முதல் ஜூன் வரை எட்டு மாதம்.

2023 மார்ச்சில் டெல்பாஸ் பற்றி ஒரு அறிவிப்பு வந்தது, இந்த முறை ஆங்கிலத்தில். எமர்ஜென்ட் பைலிங்குவல் குழந்தைகளுக்கு ஒவ்வொரு வசந்த காலத்திலும் நடக்கும் ஆங்கிலத் திறன் மதிப்பீடு அது. வேண்டாம் என்றுதான் எழுதிக் கொடுத்துவிட்டேனே என்று ஓடினேன். அங்கிருந்த ஒரு ஆசிரியை பொறுமையாக உட்கார வைத்து விளக்கினார். வேண்டாம் என்று எழுதினால் நிற்பது சிறப்பு உதவி மட்டும்தான். குழந்தை அந்த வகையிலேயேதான் இருக்கும், மதிப்பீடும் வருடா வருடம் நடக்கும், தேறி வெளியே வரும்வரை. ஆகக்கூடி, பயிற்சி பெற்ற ஆசிரியர் இலவசமாகத் தரவிருந்த உதவியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பக்கத்துத் தெருவில் 1,680 டாலர் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆசிரியை முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. ஸ்பானிஷ் வகுப்பு பயமும் வீண். ஒரு மாவட்டத்தில் ஒரே மொழி பேசும் இப்படிப்பட்ட குழந்தைகள் ஒரே வகுப்பு நிலையில் இருபது பேர் இருந்தால்தான் அந்த மொழியில் இருமொழி வகுப்பு நடத்த வேண்டும் என்பது டெக்சாஸ் விதி. இங்கே அந்த எண்ணிக்கை ஸ்பானிஷுக்கு எளிதாகச் சேர்ந்துவிடும், தமிழுக்குச் சேராது. நம் குழந்தைகளுக்குக் கிடைப்பது ஆங்கிலம் வழியாகவே ஆங்கிலம் கற்றுத்தரும் இ.எஸ்.எல். உதவி. என் மகளுக்கு அது தினமும் முக்கால் மணி நேரம் கிடைத்திருக்கும். மறுத்து எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் அந்த ஆசிரியைதான் சொன்னார். அதைக்கூட உடனே செய்யாமல் தயங்கித் தயங்கி ஆகஸ்டில்தான் எழுதிக் கொடுத்தேன்.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கிற பகுதிக்கு வருகிறேன். அக்டோபர் சந்திப்பு முடிந்த அன்றே வீட்டில் இனிமேல் இங்கிலீஷ்தான் என்று முடிவெடுத்தேன். பள்ளியில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானாக எடுத்த முடிவு. அவள் தமிழில் பேச ஆரம்பித்தால் "இன் இங்கிலீஷ்" என்பேன். முதல் வாரம் அழுதாள். ஒரு மாதத்தில் பழகிவிட்டாள். ஆறு மாதத்தில், ஊரிலிருந்து வீடியோவில் கூப்பிடும் அம்மாவிடம் இங்கிலீஷில் பதில் சொன்னாள். "என்ன சொல்றா புள்ள?" என்று அம்மா என்னைக் கேட்பார், நான் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். என் அம்மாவும் என் மகளும் பேசிக்கொள்ள நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தது பக்கத்து வீட்டுப் பாட்டி. எழுபத்து நான்கு வயது, பிறந்ததே சான் அன்டோனியோவின் மேற்குப் பகுதியில்தான். என்னை "மிஹா" என்பார், மகளே என்று அர்த்தம். 2023 நவம்பரில் ஒரு மாலை, வாசலில் உட்கார்ந்து பெக்கான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு கொட்டைகளை உள்ளங்கையில் வைத்து ஒன்றை ஒன்றால் அழுத்தி நொறுக்கி, பருப்பு உடையாமல் இரண்டு பாதியாக எடுத்துக் கிண்ணத்தில் போடுவார். அவருடைய அம்மா பெக்கான் உடைக்கும் கொட்டகைகளில் கூலி வேலை செய்தவராம். 1938-இல் கூலியைக் குறைத்தார்கள் என்று இதே ஊரில் எம்மா தெனாயுகா என்ற இளம்பெண் முன்னால் நிற்க ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்களே, அதில் இருந்தவராம். என் மகள் ஓடிவந்து, கீழே கிடந்த கொட்டை ஓட்டைக் காட்டி "இதை எடுத்துக்கவா?" என்று தமிழில் கேட்டாள். எப்போதோ ஒரு தடவை அப்படி வந்துவிடும். நான் வழக்கம்போல "இன் இங்கிலீஷ்" என்றேன். பாட்டியின் கை நின்றுவிட்டது.

அவர் ஒன்றாம் வகுப்புக்குப் போனது 1955-இல். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே இவருக்கும் தெரியாது. கழிப்பறைக்குப் போகணும் என்று ஸ்பானிஷில் கேட்டதற்கு உள்ளங்கையில் ரூலரால் அடி விழுந்தது. ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாமல் உட்கார்ந்த இடத்திலேயே ஈரமாகிவிட்டது. இதைச் சொல்லும்போது எழுபத்து நான்கு வயதிலும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "என் பிள்ளைங்களுக்கு இது நடக்கக் கூடாதுன்னு அவங்ககிட்ட இங்கிலீஷ் மட்டுமே பேசினேன் மிஹா. இப்ப என் பேத்தி ஞாயித்துக்கிழமை வர்றா, நான் பாதி சொல்றதுக்குள்ள அவ அப்பா முகத்தைப் பாக்குறா" என்றார். அப்புறம் மறுபடி கொட்டையை எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு நான் தேடித் தேடிப் படித்தேன், அதன்பிறகும் பல மாதம் படித்தேன். சான் அன்டோனியோ உருவானது 1718-இல், ஸ்பானியர் காலத்தில். டெக்சாஸ் அமெரிக்காவோடு இணைந்தது 1845-இல்தான். ஸ்பானிஷ் இங்கே வந்தேறிய மொழி என்று நினைத்திருந்தேன், இந்த ஊரில் ஆங்கிலம்தான் பிறகு வந்தது. 1918-இல் டெக்சாசில் ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடம் நடத்துவதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டார்கள். 1954-இல் மார்ஃபா என்ற சிற்றூரில், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் படித்த பிளாக்வெல் பள்ளியில், ஸ்பானிஷ் சொற்களைத் துண்டுத் தாளில் எழுத வைத்து, ஒரு பெட்டியில் போட்டுக் கொடிக்கம்பத்தடியில் புதைத்து இறுதிச் சடங்கு நடத்தியிருக்கிறார்கள். பிள்ளைகளை வைத்தே. அந்தப் பள்ளியைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டம் 2022 அக்டோபரில், நான் வீட்டில் தமிழை நிறுத்திய அதே மாதத்தில், கையெழுத்தானது. அதைப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

நான் பயந்து ஓடிய அந்தப் படிவமும் தேர்வும் எங்கிருந்து வந்தன என்பதும் அப்போதுதான் புரிந்தது. 1968-இல் இருமொழிக் கல்விச் சட்டம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வந்தது, அதைக் கொண்டுவந்தவர் டெக்சாஸ் செனட்டர் ரால்ஃப் யார்பரோ. அதே ஆண்டு சான் அன்டோனியோவின் எட்ஜ்வுட் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நல்ல பள்ளி வேண்டும் என்று வகுப்பைவிட்டு வெளியே நடந்தார்கள். 1973-இல் டெக்சாசே இருமொழிக் கல்வியைச் சட்டமாக்கியது. 1974-இல் சான் பிரான்சிஸ்கோ சீனக் குழந்தைகளின் வழக்கில், புரியாத மொழியில் பாடம் நடத்திவிட்டு எல்லாருக்கும் சமமாகத்தான் தந்தோம் என்று சொல்ல முடியாது என்றது உச்ச நீதிமன்றம். தெற்கு டெக்சாசின் ரேமண்ட்வில் ஊரைச் சேர்ந்த ரோய் காஸ்தன்யேதா என்ற தந்தை போட்ட வழக்கில் 1981-இல் வந்த தீர்ப்பு, இந்த உதவி பெயருக்கு இருந்தால் போதாது, பலன் தர வேண்டும் என்றது. என் மகளுக்காக அந்த அறையில் வைக்கப்பட்ட தேர்வு இவர்கள் போராடி வாங்கிக் கொடுத்தது. நான் அதைத் தண்டனை என்று நினைத்து மறுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன், இங்கே வாழப் போகிறவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. நாடு முழுவதும் வீட்டில் ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் நான்கு கோடிக்கும் மேல். டெக்சாசில் வாக்குச்சீட்டு ஸ்பானிஷில் உண்டு, ஓட்டுநர் உரிம எழுத்துத் தேர்வும் உண்டு, எந்த அலுவலகத்தைக் கூப்பிட்டாலும் இரண்டை அழுத்தினால் ஸ்பானிஷ். இவ்வளவும் இருந்தும், முடிவு எடுக்கிற அறையில் பேச்சு ஆங்கிலம்தான். இது எனக்கு நேரிலேயே தெரியும், ஏனென்றால் 2023-24 கல்வியாண்டில் எங்கள் பள்ளி எல்பேக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக உட்கார்ந்தேன். இப்படிப்பட்ட குழந்தைகளின் பெற்றோரில் ஒருவர் அதில் இருந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் ஆளே கிடைக்காமல் அலைகிறார்கள், கேட்டால் உடனே சேர்த்துக்கொள்வார்கள். சின்னப் பயிற்சி தருவார்கள், ரகசியம் காப்பேன் என்று கையெழுத்து வாங்குவார்கள். இரண்டு கூட்டம் உட்கார்ந்தாலே வாட்ஸப் குழுவில் ஒரு வருடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததெல்லாம் தெரிந்துவிடும். வேலைக்குப் போக முடியாத விசாவில் வீட்டில் இருக்கும் அம்மாக்களுக்கு இதை மிகவும் வற்புறுத்திச் சொல்வேன்.

மகள் இ.எஸ்.எல். உதவியோடு இரண்டாம் வகுப்பு படித்தாள். ஆண்டு முடிவில் டெல்பாஸ், வாசிப்புத் தேர்வு, ஆசிரியர் மதிப்பீடு மூன்றிலும் தேறி அந்த வகையிலிருந்து வெளியே வந்துவிட்டாள். அதன்பிறகு இரண்டு வருடம் கண்காணிப்பு மட்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை முத்திரை போகாது என்றவர்கள் யாரும் விதியைப் படித்துவிட்டுச் சொல்லவில்லை. வெளியே வந்ததற்கு வீட்டில் பேசிய என் ஆங்கிலம் காரணம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டி பேசிய அன்றிலிருந்தே வீட்டில் தமிழுக்குத் திரும்பிவிட்டோம். திரும்புவது நிறுத்தியதைப்போல எளிதாக இல்லை. "கூப்பிட்டேன்" வரும், "கூப்பிட்டிருந்தேன்" வராது. என் அம்மாதான் தினமும் இரவு அரை மணி நேரம் வீடியோவில் உட்கார்ந்து பழைய கதை சொல்லிச் சொல்லி மீட்டுக் கொடுத்தார்.

2025 மார்ச் 1 அன்று ஆங்கிலமே அமெரிக்காவின் அலுவல் மொழி என்று அதிபர் டிரம்ப் ஆணை போட்டார், ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு அரசு அலுவலகங்கள் உதவ வேண்டும் என்று 2000-இல் கிளின்டன் போட்ட ஆணையையும் ரத்து செய்தார். வாட்ஸப் குழுவில் மறுபடி ஒரே பதற்றம். நிதானமாகப் படியுங்கள். ஆணையை ஆணை ரத்து செய்யலாம். பள்ளியில் கிடைக்கும் இந்த உதவிகளுக்கு அடிப்படையான 1964-இன் குடிமை உரிமைகள் சட்டமும் 1974-இன் சம கல்வி வாய்ப்புச் சட்டமும் நாடாளுமன்றம் இயற்றியவை, அதிபர் கையெழுத்தால் அவை போய்விடாது. ஆனால் கேட்காமல் தானாகக் கிடைத்தவை இனி கேட்டால்தான் கிடைக்கும் என்ற நிலை வரலாம். ஆகவே எதையும் எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல் அனுப்புங்கள், தேதியோடு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் ஆகஸ்டில் என் இளைய பிள்ளையான மகனைக் கிண்டர்கார்டனில் சேர்க்கப் போனேன். அதே மேசை, அதே படிவம், ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் ஸ்பானிஷ். இந்த முறை தேர்வு என்றைக்கு என்று முதலிலேயே கேட்டேன். தொடர்பு மொழிக் கட்டத்தைத் திரையில் காட்டச் சொன்னேன், ஆங்கிலம் என்றிருந்தது. முன்பின் தெரியாத ஒரு ஆன்ட்டி படம் காட்டுவாங்க, பயப்படாம தெரிஞ்சதையெல்லாம் சொல்லு என்று மகனிடம் இரண்டு நாள் விளையாட்டாகச் சொல்லி வைத்திருந்தேன். வீட்டில் எந்த மொழி என்ற இடத்தில் பேனாவை வைத்தபோது, பக்கத்தில் நின்ற மகள் எட்டிப் பார்த்து, "தமிழ்னு போடும்மா" என்றாள். போட்டேன்.